நான் சொல்லி முடிக்கும்வரை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று திருச்சபையின் உலகக் கூட்டத்தில் ஒரு கூத்து. தலைவர் பதவி தலைமையகத்துக்கே என்றில்லாமல் எல்லாப் பகுதிகளுக்கும் முறைவைத்து வரட்டும் என்று ஒரு தீர்மானம். மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடி அறையிலிருந்து அதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், மற்றவர்கள் கைதூக்கி, எண்ணி, "தோற்றது" என்றுவிட்டார்கள். வருஷா வருஷம் இதே கதைதான். ஓட்டுப்போட வந்த நம் தமிழ்ச் சபை ஊழியர்கள் கைதூக்காமல், காதில் கருவியோடு என்னையே பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கைத் திருப்பி, "ஐயா, நான் இன்னும் பாதியிலதான் இருக்கேன்" என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டேன்.

கூட்டத்தை நடத்திய தலைவர் சிரித்துவிட்டார். "சொல்லி முடிம்மா, காத்திருக்கோம்" என்றார். மறுபடி எண்ணியபோது தீர்மானம் ஜெயித்தது! வேலைக்கு ஆபத்தில்லை, மேலதிகாரி முறைத்ததோடு சரி.

இங்கே குளிர். உங்கள் பழைய சால்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது, ஓடவேண்டும். ஒன்று மட்டும், அப்பா. போனில் நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே "நல்லா இருக்கேம்மா" என்றுவிடுகிறீர்கள். இந்த ஞாயிறு நான் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு சொல்லுங்கள்.

உங்கள் மகள்