இரண்டு கையையும் தூக்கினேன்

அன்புள்ள ஓட்டுநர் அண்ணனுக்கு,

நலம், நலமா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வளைவில் சுவர் எழும்பிவிட்டது. நான் நிற்கும் மேட்டிலிருந்து பார்த்தால் இனி சிமெண்ட்தான் தெரியும். நேற்று கடைசியாக ஒருமுறை போய் நின்றேன். உங்கள் வண்டியை வேறு யாரோ ஓட்டிப் போனார்கள். சத்தம் மட்டும் கேட்டது, ஹாரன் இல்லை. "ரயிலைப் பார்க்கிறதுல அப்படி என்ன சார் இருக்கு?" என்றார் கொத்தனார். இத்தனை வருஷமாக என் மனைவியும் இதையேதான் கேட்டாள். கேட்டுக்கொண்டே பிளாஸ்க்கில் டீயும் கொண்டுவந்து கொடுப்பாள்.

முதலில் நான் ஒரு கையைத்தான் ஆட்டினேன். புதருக்குப் பின்னால் ஒரு கை கண்ணில் படவில்லை, இரண்டையும் தூக்குங்கள் என்று ஸ்டேஷனில் சொன்னவர் நீங்கள். அது வண்டியை நிறுத்தச் சொல்லும் ஆபத்துச் சைகை ஆயிற்றே என்று இழுத்தேன். "உங்களை எனக்குத் தெரியாதா? மத்தவங்க தூக்கினா ஆபத்து, நீங்க தூக்கினா வணக்கம்" என்று சிரித்தீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்காக ஒரு வண்டியே தினமும் இரண்டு ஹாரன் அடித்ததே!

அன்றைக்கு அவள் பிளாஸ்க்கோடு தண்டவாளத்தைக் கடந்தபோது செருப்பு இடுக்கில் மாட்டியது, காலோடு சேர்த்து. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வளைவை நோக்கி ஓடி, இரண்டு கையையும் தூக்கித் தொண்டை கிழியக் கத்தினேன். நீங்கள் ஜன்னலில் கையாட்டி, இரண்டு ஹாரன் அடித்தீர்கள். சிரித்தீர்கள், அண்ணா. என்னைத் தாண்டிப் போன பிறகுதான் பிரேக் சத்தம் கேட்டது.

இடது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை. இனிமேல் ஒற்றைச் செருப்பு போதும் என்று சொல்லி நர்ஸை அழவைத்தாள்.

ஒரு கையைத்தான் தூக்கினேன் என்று விசாரணையில் சொல்லச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அப்படிச் சொன்னால் உங்கள் வேலை தப்பும். பெண்டாட்டி தண்டவாளத்தில் கிடக்கும்போது ரயிலுக்கு வணக்கம் வைத்த கிறுக்கன் என்ற பெயர் எனக்கு. கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியே சொல்லிடுங்க. போன கால் திரும்பியா வரப்போகுது? அந்த மனுஷன் வேலையாவது நிக்கட்டும்" என்றாள்.

விசாரணை அறையில் நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

நம் தினசரி வணக்கமே அப்படித்தான் என்று சொல்லியிருந்தால் உங்கள்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஒரு கை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதால் நீங்களும் இனிச் சொல்ல முடியாது. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்: "அண்ணனை ஒரு தடவை வீட்டுக்கு வரச்சொல்லி எழுதுங்க." எழுதிவிட்டேன்.

வாருங்கள். அவள் உங்களுக்கு டீ போட்டுத் தருவாள், சுவரைப் பிடித்து நடந்தாவது. நல்லபடியாக வந்து, நல்லபடியாகப் போங்கள். வாசலில் என்னைப் பார்த்தால் மட்டும், தயவுசெய்து, கையைத் தூக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வளைவில் நின்றவன்