பதினோராம் நாள் பூத்தது

டன்லப் ஸ்திரீட்,
சிங்கப்பூர்.
6-1-1963

அன்பு மகள் நூருன்னிசாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் அத்தாவும் இங்கே நல்ல சுகம், என் வலது தோள் ஒன்றைத் தவிர, அதுவும் அம்மியை விட்டு அரை நாள் எழுந்தால் சரியாகிவிடும். நீ அந்தக் குளிரில் காது மூடி, கால் மூடி, வயிறு வாடாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் கண்டால்தான் எங்களுக்கு நிம்மதி. இந்த வருஷம் அங்கே பனி வாசற்கதவு வரை குவிந்து கிடக்கிறது என்று அத்தா ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து, பிள்ளை எப்படி வெளியே வரும் என்று என்னையே கேட்கிறார், நான் என்னத்தைக் கண்டேன். லண்டன் அல்ல, லண்டனிலிருந்து ரயிலில் ஒரு பகல் தூரம் என்று நீ எத்தனை தரம் எழுதினாலும் தேக்கா மார்க்கெட்டில் கேட்கிறவர்களிடமெல்லாம் மகள் லண்டனில் படிக்கிறாள் என்றுதான் சொல்கிறார், திருத்தித் திருத்தி எனக்குச் சலித்துவிட்டது. உன் அக்கா சாயிரா பானுவுக்கு இது ஏழாம் மாதம், தஞ்சோங் பகாரிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தாள், முகம் தெளிவாக இருக்கிறது, என் புளி மிளகாய்ச் சட்டியை வழித்து நக்கிவிட்டுத்தான் போனாள். நோன்புக்கு இன்னும் மூன்று வாரம்தான், கஞ்சி மசாலா கேட்டு இப்போதே ஆள் வருகிறார்கள். அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, நோன்பு உனக்குச் சுலபமாகப் போகும், ஆனால் விடியுமுன் ஸஹர் சாப்பிடாமல் வெறும் தண்ணீர் குடித்து நோன்பு பிடித்தாய் என்று தெரிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பூவை விட்டுவிட்டேன், லத்தீனில் எழுதி வைத்திருந்த தாள்களையும் நூல் போட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டேன் என்று போன மாதம் எழுதியிருந்தாயே, அந்த நூலை அவிழ். அவிழ்த்துவிட்டு மேலே படி. இதை நீ உன் வெள்ளைக்காரப் புரொபசர் துரைக்கு இங்கிலீஷில் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன், அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அந்தச் செடியைக் கொண்டுவந்தது உன் அத்தா சேக் தாவூது. ஜூரோங் சதுப்பில் மரங்களை வெட்டித் தள்ளி மண் நிரப்பும் வேலைக்கு லாரி ஓட்டுகிறவர், வெட்டிக் கிடந்த ஒரு கிளையில் ஒட்டியிருந்ததை, செடி என்றால் சோறு தண்ணீர் மறக்கிற மகளுக்காக லாரியின் முன் சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அது நம் குளியலறைச் சுவரில் ஒரு வருஷம் தொங்கி, நீ கப்பலேறுவதற்கு முந்தின மாதம் ஒரே ஒரு நாள் பூத்து அந்தியில் வாடியது. சாலையோர மரங்களில் ஒட்டி வளர்ந்து, பெருமழைக்கு ஒன்பதாம் நாள் எல்லாம் ஒன்றாக வெள்ளை வெள்ளையாகப் பூக்குமே, புறாப்பூ என்பாயே, அது போலத்தான் எனக்குத் தெரிந்தது. நீதான் இல்லைம்மா, இது வேற, இதுக்கு இன்னும் யாரும் பேரே வைக்கலை என்று குதித்தாய். அந்த ஒரு பூவைக் காகிதத்தில் அழுத்தி எடுத்துக்கொண்டு போனாய், செடியை என்னிடம் விட்டாய். மழைத் தண்ணீர் தவிர எதையும் ஊற்றாதீர்கள், பூத்தால் நிறத்தையும் நாளையும் எழுதுங்கள் என்று ஒரு தாளில் எழுதி அரிசி டின் மூடியில் ஒட்டிவிட்டும் போனாய்.

ஊற்றாதீர்கள் என்றாய், நான் ஊற்றினேன். செடியில் எறும்பு ஏறியது மகளே. எறும்பைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா, மிளகாய் அரைத்த அம்மியைக் கழுவுகிற தண்ணீரைத் தினமும் ஒரு குவளை வேரில் ஊற்றினேன், எறும்பு போய்விட்டது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அக்டோபர் கடைசியில் அந்தப் பெருமழை வந்தது. ஒன்பதாம் நாள் சிராங்கூன் ரோடு நெடுக மரத்துக்கு மரம் புறாப்பூ, மார்க்கெட் வாசலில் வாசம் ஆளைத் தூக்கியது, நான் மசாலாக் கூடையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால் உன் செடி மொட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறது. பத்தாம் நாளும் அப்படியே. மிளகாயால் மகளின் படிப்பையே கருக்கிவிட்டேன் பாவி என்று அழுதேன். பதினோராம் நாள் காலையில் மூன்று பூ விரிந்தது. அழுத கண்ணோடு சிரித்தேன், உடனே உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதினேன், அதில்தான் அந்தப் பொய்யை எழுதினேன். சாலையோரத்துப் பூக்கள் பூத்த அன்றைக்கே இதுவும் பூத்தது என்று.

ஏன் எழுதினீர்கள் என்று கேட்பாய். இரண்டு நாள் பிந்தியது என்றால் ஏன் பிந்தியது என்று கேட்பாய், மிளகாய்த் தண்ணீர் விஷயம் வெளியே வரும், சொன்ன ஒரு வேலையைக்கூட அம்மா ஒழுங்காகச் செய்யவில்லை என்று நீ நினைப்பாய், அந்த வெட்கம்தான். இரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்றும் நினைத்தேன். பூத்த நாளில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? பிறகு உன் கடிதம் வந்தது. ஒரே நாளில் பூத்தால் ஒன்றின் மகரந்தம் மற்றதில் சேரும், அப்படியென்றால் அதுவும் புறாப்பூவிலேயே ஒரு சாயல், வேறு நாளில் பூத்திருந்தால் மட்டுமே மேலே பேசலாம் என்று துரை சொல்லிவிட்டார், உங்கள் கடிதத்தைக் காட்டினேன், அதோடு முடிந்தது அம்மா, பரவாயில்லை, நீங்கள் செடியை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதியிருந்தாய். நீ திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரவாயில்லை என்று எழுதினாய் பார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தாவிடம் சொன்னேன். அவர் லாரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே, பொய் எழுதினது உன் கை, பூவு என்ன பண்ணும், உண்மைய எழுதிப் போட்டுடு புள்ள என்றார். நானும் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. செடியே அப்படிப் பிந்திப் பூக்கிற ஜாதியா, இல்லை என் மிளகாய்தான் அதைப் பிந்த வைத்ததா? அதுகூடத் தெரியாமல் எழுதினால் துரை முகத்தில் அடித்த மாதிரிக் கேட்கமாட்டாரா? பக்கத்துக் கொட்டகையில் மாடு வைத்திருக்கிற ரத்தினம்மா பால் ஊற்ற வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்கக்கா, ரோட்டோரத்துச் செடி ஒண்ணக் கொண்டாந்து அதுக்கும் அதே மிளகாத் தண்ணிய ஊத்துங்க, அதுவும் பிந்திப் பூத்தா குத்தம் உங்க மேல, பிந்தலைன்னா உங்க மேல இல்லலா என்றாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவள், அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே என்று இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்படியே செய்தோம். அத்தா ஏணி போட்டுச் சாலையோர மரத்திலிருந்து புறாப்பூச் செடி ஒரு கொத்து எடுத்து வந்தார், அதைக் குளியலறைச் சுவரில் கட்டித் தினமும் ஒரு குவளை மிளகாய்த் தண்ணீர், குறையாமல், நானே ஊற்றினேன். உன் செடியை இரண்டாகப் பிரித்தேன். பிஸ்மி சொல்லித்தான் வெட்டினேன், இது பட்டுப்போனால் வேறு கிடையாது, ஏனென்றால் அத்தா ஜூரோங்கில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார், அங்கே ஒரு மரம்கூட இல்லை, செம்மண்ணும் குச்சி நட்ட தொழிற்சாலை எல்லைகளும்தான். மண் கொட்டினது நான்தானே என்றார். பிரித்ததில் ஒரு பாதி நம் வீட்டில், ஒரு பாதி ரத்தினம்மாவின் மாட்டுக் கொட்டகைக் கூரை ஓரத்தில், மிளகாய் நெடியே போகாத இடம். இரண்டுக்கும் வெறும் மழைத் தண்ணீர். பிறகு மழைக்குக் காத்திருந்தோம். மழைக்காலத்தில் மழைக்குக் காத்திருப்பதா என்று சிரிக்காதே, தூறலுக்கெல்லாம் அது அசையாது, உடம்பு சில்லிடுகிற மாதிரி ஒரு கொட்டு கொட்ட வேண்டும் என்று நீதானே சொன்னாய்.

டிசம்பர் 22, சனிக்கிழமை பிற்பகலில் கொட்டியது. மார்க்கெட் முழங்கால் தண்ணீரில் மிதந்தது, என் கூடை நனைந்து மல்லி மசாலா அத்தனையும் வீண், எனக்குச் சந்தோஷம் பொங்கியது, பக்கத்துக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றிலிருந்து தேதிக் காலண்டரில் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடவில்லை, ஒவ்வொன்றின் பின்னாலும் அன்றைக்குக் கண்டதை எழுதி எடுத்து வைத்தேன், பன்னிரண்டு தாளும் இந்த உறையில் இருக்கின்றன. மழைக்கு மறுநாளை முதல் நாள் என்று எண்ணிக்கொள். ஒன்பதாம் நாள், டிசம்பர் 31, சாலையெல்லாம் புறாப்பூ, குளியலறைச் சுவரில் நான் மிளகாய்த் தண்ணீர் ஊற்றிய கொத்தும் அதே காலையில் பூத்தது! காரம் குடித்தே பூத்தது நூருன்னிசா, எனக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உன் செடி இரண்டு பாதியிலும் மொட்டு மூடியபடி. பத்தாம் நாள் புறாப்பூக்கள் வாடித் தொங்கின, உன் மொட்டு மூடியபடிதான். பதினோராம் நாள், ஜனவரி 2, புதன்கிழமை, நான் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், நம் வீட்டில் நாலு பூ. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ரத்தினம்மா கொட்டகையிலிருந்து, அக்கா இங்கயும் பூத்திருச்சு, ரெண்டு பூ என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். இருவரும் அங்கேயே நின்று அழுதோம். அத்தா வேலைக்குப் போக வேண்டியவர் லாரியை நிறுத்திவிட்டு வந்து, பிள்ளையப் படிக்க அனுப்பிட்டு இங்க ரெண்டு கிழவிங்க பரீட்சை எழுதுறீங்க என்று கேலி பேசினார், ஆனால் அவரும் பூவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்று நான் மார்க்கெட்டுக்குப் போகவில்லை, அந்திக்குள் வாடிவிடும் என்பதால் வேலை நிறைய இருந்தது. நிறம் சொல்கிறேன், எழுதிக்கொள். வெளி இதழ்கள் வெள்ளை, தேங்காயை முதல் தடவை பிழிந்த பாலின் வெள்ளை. நடுவில் நாக்கு மாதிரி நீள்கிற இதழில் புறாப்பூவுக்குப் பச்சை மஞ்சளின் நிறம் இருக்கும், இதற்கு அது இல்லை. மஞ்சள் அரைத்த அம்மியைக் கழுவாமல் மிளகாயை வைத்து முதல் இழுப்பு இழுத்தால் கல்லில் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். சொல்லில் எழுதினால் துரைக்கு விளங்காது என்று, பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நிறம் வருகிற வரைக்கும் அரைத்துத் தாளில் தீற்றிக் காய வைத்து அனுப்புகிறேன், ஏழாவது தீற்றல்தான் சரி, மற்றதைப் பார்க்க வேண்டாம். தாளை மோந்து பார்த்துவிட்டுத் தும்மினால் நான் பொறுப்பில்லை. நாக்கின் ஓரம் புறாப்பூவில் மடிந்து சுருண்டிருக்கும், இதில் பல் பல்லாய் வெட்டிய மாதிரி இருக்கிறது. வாசம் காலையில் இல்லை, நண்பகலில் லேசாக, ஏலக்காய்த் தோல் மாதிரி. இரண்டு பூவைப் பேப்பருக்குள் வைத்து அம்மிக் குழவியை மேலே ஏற்றி அழுத்தினேன், அது இந்த உறையில். மற்ற நாலையும் அப்துல் அலீம் டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் வாங்கிப் போத்தலில் போட்டிருக்கிறேன், குடிக்கிறதுக்கு இல்லை, பூ குளிக்கிறதுக்கு என்று நானாகவே அவரிடம் சொன்னேன், அவர் கேட்கவே இல்லை. லிவர்பூல் போகிற கப்பலில் வேலை பார்க்கும் சாகுல் ஹமீது மாமா கையில் போத்தல் வரும், போய் வாங்கிக்கொள்.

இதைத் துரைக்கு நீ எப்படி வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும் மகளே, உன்னைப் பெற்றவள் நான். அம்மா பொய் எழுதினாள் என்கிற இடம் வந்ததும் குரலை விழுங்கிவிட்டு, அம்மாவுக்கு நாள் தப்பிவிட்டது, மறந்துவிட்டாள் என்று மாற்றிச் சொல்லப் பார்ப்பாய். சொல்லாதே. என் மானத்தைக் காக்கிறேன் என்று நீ ஒரு வரியை மாற்றினால் மற்ற வரிகளை அவர் எதற்கு நம்ப வேண்டும்? நான் செய்த அதே வேலையை அங்கே நீயும் செய்த மாதிரி ஆகிவிடும். மிளகாய்த் தண்ணீர், வெட்கம், பொய், எல்லாவற்றையும் உள்ளபடியே வாசி. அந்த அம்மாள் ஒரு தடவை பொய் சொன்னவள், இப்போது எப்படி நம்புவது என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி, கோபப்படாதே, காலண்டர் தாள்களைக் காட்டு. அதற்கும் மேலே இன்னொரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றால் எழுது, அடுத்த பெருமழைக்கு எண்ணி அனுப்புகிறோம், ரத்தினம்மா இப்போதே தயார். புதிது என்று எழுதுவதும் எழுதாததும் உங்கள் படிப்பு, அதில் நான் தலையிடவில்லை. பூத்த நாள் மட்டும் பதினொன்று.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிச் சட்டைக்குள் இன்னொரு சட்டை போடு. தொழுகையை விடாதே, எனக்கு எழுதாவிட்டாலும் அக்காவுக்குக் கடிதம் எழுது, அவள் எதிர்பார்க்கிறாள். ரப்புல் ஆலமீன் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல கல்வியையும் நேர்மையான நாவையும் தரட்டும், ஆமீன். அத்தா ஸலாம் சொல்லச் சொன்னார், பக்கத்திலேயே நிற்கிறார். அம்மா என்று மட்டும் போட்டால் துரைக்கு யாரென்று தெரியாது என்பதால் இந்தத் தடவை முழுப் பெயரும் போடுகிறேன்.

இப்படிக்கு,
நவம்பர் கடிதத்தில் பொய்யும் இந்தக் கடிதத்தில் மெய்யும் எழுதிய உன் அம்மா,
சே. ஜைனப் பீவி

கூட நின்று பார்த்த சாட்சி: மாட்டுக் கொட்டகை ரத்தினம்மா, இடது பெருவிரல் ரேகை. மை கிடைக்கவில்லை, மஞ்சளில் வைத்திருக்கிறாள்.