வாயில் பதிவேட்டின்படி

பிப்ரவரி 3, திங்கள்

சட்டப்பேரவை கூடி ஒரு வாரம் ஆகிறது. மேசையில் முப்பத்தொரு எழுத்துமூல வினாக்கள். எல்லாம் போக்குவரத்து அமைச்சர் பெயருக்கு வருகிறவை. அவர் கையெழுத்தோடு விடை போகும். அதை எழுதுகிறவள் நான். ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் கெடு. பதினெட்டு வருஷத்தில் அமைச்சர்கள் ஆறு பேர் மாறிவிட்டார்கள், ஆனால் அமைச்சரின் நடை மட்டும் மாறவே இல்லை என்று பக்கத்து மேசைக்காரர் கேலி செய்வார்.

இன்று ஒரு உறுப்பினர் கேட்டிருக்கிறார்: பேருந்துகள் நேரத்துக்கு வருவதில்லை என்பதை அமைச்சர் அறிவாரா, அறிவார் எனில் எடுத்த நடவடிக்கை என்ன? இப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும்? "(அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை." ஐந்து நிமிஷ வேலை. எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பதிவேட்டின்படி என்று கேட்டால்தான் எனக்கு வியர்க்கும்.

அப்படி வியர்க்க வைக்கிறவர் அவையில் ஒருவர்தான். கணக்கு ஆசிரியையாக இருந்து உறுப்பினர் ஆனவர். எங்கள் பிரிவில் அவருக்கு டீச்சரம்மா என்றே பெயர். அவர் வினா வந்தால் பக்கத்து மேசைக்காரர், "பரீட்சை வந்துடுச்சு மேடம்" என்பார்.

தம்பியைக் கண்ணால் பார்த்து மூன்று நாள் ஆகிறது. இத்தனைக்கும் ஒரே வீடு. பேருந்து ஓட்டுகிறவன். நான் எழும்போது போயிருப்பான், படுத்த பிறகு வருவான்.

பிப்ரவரி 6, வியாழன்

பதினோரு விடை முடித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

எழுதினால் மனசு கொஞ்சம் அடங்குமோ என்று எழுதுகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்குத் தம்பியின் பேருந்து நடைபாதையில் ஏறி, நிழற்குடைத் தூணில் மோதி நின்றிருக்கிறது. உள்ளே பதினான்கு பேர். ஒரு அம்மாவுக்கு வலது கை முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. நிழற்குடையில் யாரும் நிற்கவில்லை. யாராவது நின்றிருந்தால் — வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சட்டையைக்கூட மாற்றவில்லை.

"கண்ணு மூடுனதே தெரியலக்கா. தெறந்தப்ப தூண் இருந்துச்சு."

முந்தின நாள் ராத்திரி வண்டியை டெப்போவில் விட்டபோது மணி பன்னிரண்டே கால். மறுபடி எடுத்தது விடிகாலை ஐந்துக்கு. வீட்டுக்கு வந்து திரும்ப நேரமில்லை என்று ஓய்வறை பெஞ்சில் படுத்திருக்கிறான். விதி என்ன சொல்கிறது? இரண்டு பணிக்கு நடுவே எட்டு மணி நேரம். அந்த விதியை எத்தனை விடையில் எழுதியிருப்பேன் நான்!

பிப்ரவரி 12, புதன்

தம்பியைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். காரணம்: கவனக்குறைவு. டெப்போ பணிப்பட்டியலின்படி அவனுக்கு ஒன்பது மணி நேர ஓய்வு தரப்பட்டதாம். பட்டியல் காகிதத்தில் ஒன்பது மணி நேரம் இருக்கிறது, அதை வைத்து யார் தூங்குவது?

"எல்லார் பேருக்கும் அப்படித்தான் எழுதுவாங்க. ஆள் பத்தல, என்ன பண்றது" என்கிறான் இவன், பட்டியல் போடுகிற டெப்போ மேலாளருக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் அவனையே திட்டிவிட்டேன். அவன் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

டீச்சரம்மாவின் வினா. எண் 2214. அப்படியே எழுதி வைக்கிறேன்:

(அ) கடந்த ஓராண்டில் பணி முடித்து எட்டு மணி நேரத்துக்குள் ஓட்டுநர்கள் மீண்டும் பேருந்தை எடுத்தது எத்தனை முறை, டெப்போ வாரியாக. (ஆ) அந்த எண்ணிக்கையைப் பணிப்பட்டியலின்படி அல்லாமல் டெப்போ வாயில் பதிவேட்டின்படி தர இயலுமா. (இ) அவ்வாறு ஓட்டியபோது நேர்ந்த விபத்துகள் எத்தனை, அவற்றில் ஓட்டுநர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டவை எத்தனை?

வாயில் பதிவேடு என்பது டெப்போ கேட்டில் காவலாளி எழுதுவது. எந்த வண்டி, யார் எடுத்தார், எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது திரும்பியது. மேலாளர் கை அதில் படாது. அப்படி ஒன்று இருப்பது டீச்சரம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? பழைய விடைகளைப் புரட்டினேன். இரண்டு வருஷம் முன்பு டீசல் திருட்டு பற்றிக் கேட்டிருந்தார். அதற்கு நானே எழுதியிருக்கிறேன், வாயில் பதிவேடு இருக்கிறது என்று. அந்த அம்மாள் எதையும் தூக்கிப் போடுவதில்லை போலிருக்கிறது.

இதில் எனக்கு ஏன் பயம்? (இ)தான். அடிபட்டவர்கள் புகார் கொடுத்திருப்பார்கள், ஓட்டுநர்களைச் சந்தி சிரிக்க வைக்கத்தான் கேட்கிறார் என்று மனசு சொல்கிறது. இல்லை, வேறு மாதிரியும் இருக்கலாம் என்று அதே மனசு சொல்கிறது. ஒரு மனசுக்குள் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

துணைச் செயலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் காற்புள்ளி. எந்த வரைவு போனாலும் ஒரு காற்புள்ளியாவது போடாமல் விடமாட்டார். கெட்டவர் இல்லை.

"உங்க கூடப் பிறந்த தம்பியா?"

"ஆமா சார்."

"அப்ப இந்தக் கோப்ப நீங்க தொடக் கூடாது. சொன்னதுக்கு நன்றி."

கோப்பு பக்கத்து மேசைக்குப் போயிற்று. மூன்றடி தூரம்.

பிப்ரவரி 20, வியாழன்

பக்கத்து மேசைக்காரர் வரைவை முடித்துவிட்டார். "உங்க பழைய சரக்குதான் மேடம்" என்று பெருமையாகப் படித்துக் காட்டினார்: "கோரப்படும் தகவல் தொகுத்து வைக்கப்படுவதில்லை. அதைத் தொகுக்க ஆகும் காலமும் உழைப்பும், கிடைக்கும் பயனுக்கு ஏற்றதாக இராது."

ஆறு வருஷம் முன்பு வேறு ஏதோ வினாவுக்கு நான் எழுதியது. அன்று எல்லோரும் பாராட்டினார்கள். அதன் பிறகு இந்தப் பிரிவில் எத்தனை வினாவை இதில் போட்டுப் புதைத்தோமோ, கணக்கே இல்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இன்று தோன்றுகிறது. என் வீடு என்பதால் தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

தம்பி மனைவி சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எழுதுறது உங்க ஆபீஸ்தானே? ஒரு வரி மாத்தி எழுதினா என்ன?"

"அது என் கோப்பு இல்லம்மா. நான் தொடக் கூடாது."

"தொட வேணாம். பாத்துட்டுச் சும்மா இருப்பீங்களா?"

அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

ஞாயிறு முழுக்க யோசித்தேன்.

டீசல் திருட்டுக்கு நான் எழுதிய பழைய விடையில் இரண்டு வாக்கியம். முதலாவது: நேரமும் ஓட்டுநர் பெயரும் வாயில் பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன. இது உண்மை. இரண்டாவது: "இப்பதிவேடுகள் மாதந்தோறும் தலைமையகத்தில் தொகுத்துச் சரிபார்க்கப்படுகின்றன." இது? யாரும் என்னிடம் இப்படிச் சொல்லவில்லை. முதல் வாக்கியம் மட்டும் நின்றால் மொட்டையாக இருந்தது. அழகுக்காகச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. அமைச்சர் கையெழுத்துப் போட்டார். அவையின் பதிவில் ஏறிவிட்டது.

இப்போது "தொகுத்து வைப்பதில்லை" என்று போனால், இரண்டில் ஒன்று பொய். அவைக்குப் பொய் சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் மற்ற எல்லாவற்றுக்கும் சந்து உண்டு, இதற்குக் கிடையாது.

எந்த வரைவையும் பழைய விடைகளோடு ஒப்பிட்டு, முரண் இருந்தால் காட்ட வேண்டியது என் வேலை. எல்லாக் கோப்புக்கும்தான். ஆனால் காட்டினால் அந்த அழகு வாக்கியம் யார் எழுதியது என்று கேட்பார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது இதுதான்.

கெடு வியாழக்கிழமை.

பிப்ரவரி 25, செவ்வாய்

போட்டுக்கொண்டேன்.

கோப்பைத் தொடவில்லை. பழைய விடையின் நகலை மட்டும் காற்புள்ளி முன்னால் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"தலைமையகத்துல சரிபாக்குறாங்களா?"

"இல்ல சார். நானா எழுதினது."

"ரெண்டு வருஷமா சும்மா இருந்துட்டு இப்ப கொண்டுவர்றீங்க. தம்பிக்காகவா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தம்பிக்காகத்தான் சார் நினைவு வந்துச்சு. ஆனா தம்பி இல்லாட்டியும் இது முரண்தான்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அமைச்சர் அவையில் எழுந்து, "முன்பு சொன்னது தவறு" என்று சொல்லவேண்டி வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"தப்புன்னு ஒத்துக்கிறதைவிட எண்ணிடுறது சுலபம்" என்றார் கடைசியில். "எல்லா டெப்போவிலேருந்தும் பதிவேட்டை வரச் சொல்லுங்க. நீங்க சொல்லாதீங்க. பக்கத்து மேசைக்காரரைச் சொல்லச் சொல்லுங்க. உங்களுக்கு மெமோ வரும், தெரியும்ல?"

தெரியும்.

பிப்ரவரி 27, வியாழன்

விடை போயிற்று: "தகவல் திரட்டப்பட்டு வருகிறது. இரண்டு மாதத்துக்குள் அவையின் மேசையில் வைக்கப்படும்." 'வருகிறது' என்பதற்கு முன்னால் ஒரு காற்புள்ளி போட்டு, பிறகு துணைச் செயலாளரே அடித்திருந்தார்.

மார்ச் 5, புதன்

மெமோ வந்தது. சரிபாராத தகவலை விடையில் சேர்த்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். பதினெட்டு வருஷம் மற்றவர்களுக்காக விளக்கம் எழுதியவளுக்குத் தனக்கென்று நாலு வரி வரவில்லை. "தவறு என்னுடையது" என்று ஒரு வரியில் முடித்தேன்.

மார்ச் 19, புதன்

கூட்ட அறையில் பதிவேடுகள் ஆளுயரம் அடுக்கியிருக்கின்றன. நாற்பத்து மூன்று டெப்போ. டீ சிந்தியது, மழையில் நனைந்தது, எலி கடித்தது. எட்டுப் பேர் எண்ணுகிறார்கள். என்னை உள்ளே விடுவதில்லை, அதுதான் சரி. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். பக்கத்து மேசைக்காரர் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் வந்து இன்று பேசினார்: "மேடம், இவங்கல்லாம் எப்பத்தான் தூங்குறாங்க?"

ஏப்ரல் 4, வெள்ளி

என் பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. தம்பியிடம் சொல்லவில்லை. அவன் வீட்டிலிருக்கிற மின்விசிறிகளை எல்லாம் துடைத்து முடித்துவிட்டான். இனி அண்டை வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அட்டவணை அவை மேசையில் வைக்கப்பட்டது. ஓராண்டில் 6,318 முறை. தம்பியின் டெப்போ மட்டும் 412. விபத்துகள் இருபத்தொன்பது. ஓட்டுநர் மீது நடவடிக்கை எடுத்தவை இருபத்தொன்பது. பட்டியல் போட்டவர்கள் எவர் மீதும் இல்லை.

இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் என்ன விளக்க வேண்டும்? நாளைக்கே வினா வந்துவிடும் என்று நினைத்தேன். இன்று சாயங்காலமே வந்துவிட்டது, மூன்று வினா.

மே 13, செவ்வாய்

தம்பியின் விசாரணை. கை முறிந்த அந்த அம்மா சாட்சிக்கு வந்திருந்தாராம். இவனுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து திக்கித் திக்கிச் சொன்னான்.

அவர் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை செய்கிறவர். விசாரணை அதிகாரி, "ஓட்டுநர் கவனமில்லாம ஓட்டினாரா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏறும்போதே பாத்தேங்க. பாட்டில் தண்ணிய முகத்துல ஊத்திக்கிட்டிருந்தாரு. டபுள் டியூட்டி பாத்த முகம் எனக்குத் தெரியும். நானும் பாக்குறவதானே. அந்தத் தம்பி எத்தன மணி நேரம் தூங்கினாருன்னு கேளுங்கன்னு எங்க உறுப்பினரம்மாவுக்கு நான்தான் கடுதாசி போட்டேன். வலது கையில கட்டு. இடது கையால எழுதினேன்."

சொல்லி முடித்துவிட்டுத் தம்பி அழுதான். நானும்தான். பார்த்ததே இல்லாத அந்த அம்மாவை மூன்று மாதமாக எதிரி என்றே மனசில் வைத்திருந்தேன். அவரோ முறிந்த கையோடு என் தம்பிக்காக எழுதியிருக்கிறார். நான் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஞாயிறு முழுக்க யோசித்தேன்.

மே 26, திங்கள்

தம்பி வேலையில் சேர்ந்துவிட்டான். எச்சரிக்கை மட்டும். மற்ற இருபத்தெட்டுக் கோப்புகளையும் திறக்கச் சொல்லி உத்தரவு. இன்று முதல் எட்டு மணி நேரம் ஆகாமல் எவருக்கும் வண்டிச் சாவி தரக் கூடாது. கேட்டில் காவலாளி பதிவேட்டைப் பார்த்துத்தான் கொடுப்பார். புது ஆட்கள் எடுக்க ஆறு மாதம் ஆகுமாம். அதுவரை? அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

ஆறே நாற்பது பேருந்து வரவில்லை. நிறுத்தத்தில் முப்பது பேர் இருப்போம். ஏழேகாலுக்கும் வரவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பையோடு நின்ற ஒரு அம்மா, "யாரக் கேக்குறது இதெல்லாம்?" என்றார்.

டிபன் பாக்ஸ் வைத்திருந்த ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "டிரைவருக்கு என்னங்க? இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டிருப்பான்."

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நானும் தலையாட்டினேன். அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதம். காற்புள்ளி மணியைப் பார்த்தார்.

அந்த மனிதர் சொன்னது உண்மைதான். ஆறே நாற்பது தம்பியின் வண்டி. நேற்று ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வந்தான். பழக்க தோஷத்தில் நாலு மணிக்கு அடித்த அவன் அலாரத்தை, அவன் விழிப்பதற்குள் ஓடிப்போய் அணைத்தவளே நான்தான்.