பாலே வகுப்பில் போட்ட துண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கிறதா?

இங்கே டப்ளினில், ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் பெரியவர்களுக்கான பாலே நடன வகுப்புக்குப் போகிறேன். முதுகுவலிக்கு நல்லதாம். கொண்டை போட வேண்டும், பேசக் கூடாது, சுவரோரக் கம்பியைப் பிடித்துப் பழக வேண்டும். முதல் நாள், நம் ஊர் வாழவந்தி பஸ்ஸில் போடுவது போல, கம்பியில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து அதை மடித்து வைத்துவிட்டார்கள். என் இடத்தில் வேறொரு பெண்.

"ஏனுங்க, அது என்ற எடமுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் இங்கிலீஷில் விளக்கினேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. இங்கே யாருக்கும் சொந்த இடம் கிடையாது, வருகிறவருக்கு எல்லோரும் நகர்ந்து இடம் கொடுப்பதுதான் மரியாதை என்றார். நகர்ந்தார்கள்.

கொண்டை ஊசி கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே வாங்கியது என் முடியில் நிற்கவில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று. சர்ச்சில் உங்கள் பக்கத்தில் எனக்காக இன்னும் துண்டு போட்டு வைக்கிறீர்கள் என்று தங்கை சாரா சொன்னாள். கிறிஸ்துமசுக்கு லீவு கிடைக்கவில்லை அம்மா. துண்டை எடுத்துவிடுங்கள், யாராவது உட்காரட்டும். நான் வரும்போது கொஞ்சம் நகர்ந்துகொண்டால் போதும்.

உங்கள்
தேவகுமாரி