சபரி ஊருக்குப் போயிருக்கிறான்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

சண்முகப்ரியா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் யாமினியும் சௌக்கியம். கோபியில் நீங்களும் அண்ணியும் கல்யாணப் பெண் அதிதியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். யாரிடம் பேசினாலும் யாமினி ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாது. அண்ணியிடம் மட்டும் காட்டுங்கள்.

புடவை படம் பார்த்தேன், அதிதிக்கு அந்த அரக்கு அப்படிப் பொருந்துகிறது. என் ஜாக்கெட்டை மட்டும் பழைய அளவுக்குத் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். பெருத்துவிட்டேன்.

யாமினி விமானம் ஏறச் சம்மதித்துவிட்டாள் என்றதும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாகச் சொன்னீர்கள். ஏன் சம்மதித்தாள் என்று நான் சொல்லவில்லை. அவள் கல்யாணம் பார்க்க வரவில்லை அண்ணா. சபரியைத் தேடி வருகிறாள்.

சபரி எங்கள் தெருவில் இருக்கும் புஷ்பவல்லி அக்காவின் ஒரே மகன். யாமினியைப் போலவே மனவளர்ச்சி குறைந்த பிள்ளை. இருவரும் ஒரே ரிலே ஓட்ட டீம். அவன் கொடுத்தால்தான் இவள் பேட்டனை வாங்குவாள். கொடுத்துவிட்டு நிற்கமாட்டான், "கமான் யாமி, கமான்" என்று கத்திக்கொண்டு புல்வெளியில் கூடவே ஓடுவான். அதற்காக ஒருமுறை டீமையே போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெயித்தவர்களுக்கு எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவன் அவன்தான். அந்தப் பிள்ளையை நினைத்தால் சமையலறையில் நின்றபடியே அழுகிறேன்.

பிறந்ததிலிருந்தே அவனுக்கு இதயத்தில் கோளாறு. மே மாதம் பயிற்சி முடிந்து வந்து சோபாவில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. யாமினியை நாங்கள் தகனத்துக்குக் கூட்டிப் போகவில்லை. அஸ்தியைப் பவானி கூடுதுறையில் கரைக்க அவனுடைய அம்மாவும் அப்பாவும் இந்தியா கிளம்பினார்கள். அடுத்த பயிற்சி நாளில் இவள் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வேர் இஸ் சபரி?" என்று கேட்டாள். இவள் அப்பா திணறிப்போய், "சபரி ஊருக்குப் போயிருக்கான்டா கண்ணு" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இங்கே எல்லோரும் லீவுக்கு ஊருக்குப் போகிறார்கள். முறுக்கும் புதுத்துணியும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறார்கள். ஊருக்குப் போவது என்றால் அவளுக்குத் தெரிந்தது அதுதான். புஷ்பவல்லி அக்கா திரும்பி வந்ததும் கோயிலில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து அவன் எங்கே என்று கேட்டாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வருவான்மா" என்று சொல்லிவிட்டுக் கார் பார்க்கிங்குக்குப் போய்விட்டார். எங்கள் பொய்யை அந்தத் தாயும் சொல்லும்படி ஆகிவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. கோயம்புத்தூரில் இறங்கியதும் அந்தக் கூட்டத்தில் அவனைத் தேடுவாள். காணாவிட்டால் ஓடுவாள். இவள் ஓடினால் உங்கள் தொப்பையை வைத்துக்கொண்டு நீங்கள் பிடிக்கவா? ரோட்டில் பஸ்ஸும் லாரியும் வருமே. இங்கேயே சொல்லிவிடலாம் என்று அவள் எதிரில் உட்காருகிறேன். வாய் திறந்தால், "தோசை வேணுமாடா?" என்றுதான் வருகிறது. பகலில் கொஞ்சம் அதிகம் தூங்கிவிட்டால் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். அவளிடம் நான் பொய் சொல்வேன் என்பதே இதுவரை அவளுக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஏர்போர்ட்டுக்கு நீங்களே வாருங்கள். இறங்கியதும் அவளுடைய இன்னொரு கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றுவழியானாலும் நேரே கூடுதுறைக்குப் போகலாம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முதலில் அங்கேயா போவது என்று அண்ணி சங்கடப்படுவார்கள். சங்கமேஸ்வரரைக் கும்பிட்டு வந்ததாக இருக்கட்டும். அங்கே அந்தத் தண்ணீரைக் காட்டி நானே சொல்கிறேன். அதுவரை நம் வீட்டில் யாரும் அவளிடம், "நாளைக்கு வருவான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அதிதி நூறாண்டு நன்றாக இருக்கட்டும். அவள் கல்யாணத்தில் என் கண்ணீர் விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.

யாமினி அழுதால் தாங்கிக்கொள்வேன் அண்ணா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓகேம்மா, எப்போ திரும்பி வருவான்?" என்று கேட்பாள். அப்போது நீங்கள் என் பக்கத்தில் இருங்கள்.

உங்கள் தங்கை,
சண்முகப்ரியா