பூவரச மூலையில் பத்துப் பெட்டிகள்

02.06.2025 திங்கள்

பிரதேச சபை ஒத்துக்கொண்டுவிட்டது! பதினான்காம் திகதி கடற்கரைப் பூங்காவுக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேருக்கு ஜியோகாஷிங். அது என்னவென்று தலைவருக்கு விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போனது. பூவரச மரங்கள் நிற்கிற மூலையில் பெட்டிகளை ஒளித்துவைத்துவிட்டு அந்த இடங்களின் ஜிபிஎஸ் எண்களை மட்டும் கொடுப்போம். பிள்ளைகள் போனைப் பார்த்துத் தேடிப் பிடிக்க வேண்டும். சரிவந்தால் மாதாமாதம் செய்யலாமாம். சரிவராவிட்டால் பூவரச மூலையில் வாகனத் தரிப்பிடமாம். பூங்காவில் நிழல் இருப்பதே அந்த மூலையில்தான். விடுவேனா?

05.06.2025 வியாழன்

பெட்டி பத்தும் வாங்கியாயிற்று. அலுவலகத்தில் வேறு ஒரு வேலையும் ஓடவில்லை.

10.06.2025 செவ்வாய்

பெட்டிகளுக்குப் பச்சை ஒட்டுநாடா சுற்றினேன். சருகுக்குள் வைத்தால் வைத்த எனக்கே தெரியவில்லை. என்ன கெட்டிக்காரி நான்! காவலாளி முத்துக்குமாரு அண்ணை பார்த்துவிட்டு, நாய் இழுத்துக்கொண்டு போய்விடும், வேரோடு கம்பியால் கட்டு என்றார். நல்ல யோசனை. பத்தையும் கட்டிப் பார்த்தோம்.

14.06.2025 சனி

எப்படி எழுதுவது?

நாலே நிமிடத்தில் முதல் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் கைதட்டிக்கொண்டு ஓடினேன். ஒருவரும் பெட்டிக்குக் கிட்டப் போகவில்லை. ஜெயனி என்கிற பத்து வயதுப் பிள்ளை இரண்டு கையையும் விரித்து மற்றவர்களை மறித்துக்கொண்டு நின்றாள். "ஒருதரும் கிட்டப் போகாதேங்கோ. வந்த வழியாலை திரும்பிப் போங்கோ."

பச்சைப் பெட்டி. கம்பி. சருகு.

ஐயோ, என்ரை மூளை எங்கை போனது? சண்டை முடிந்து மீள்குடியேறின ஊர்ப் பிள்ளைகள். கண்ணிவெடியாய் இருக்கலாம், தெரியாத பொருளைத் தொடக்கூடாது என்று முதலாம் வகுப்பிலிருந்தே படித்த பிள்ளைகள். நானும் அதையே படித்து வளர்ந்தவள்தானே! இணையத்தில் எந்த ஊரிலோ எழுதினதைப் பார்த்து இங்கே செய்தால்?

நான் போய்த் திறந்து, உள்ளே இருந்த, விளையாடுகிற கண்ணாடி மாபிளைக் காட்டினேன். ஒரு பிள்ளையும் வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டி வந்த நவமணி ரீச்சர் என்னைக் கோபிக்கவில்லை. "அதுகள் சரியாத்தான் செய்ததுகள், தயாளினி" என்று மட்டும் சொன்னா. அதுதான் சுட்டது.

15.06.2025 ஞாயிறு

காலையில் ஒட்டுநாடா எல்லாவற்றையும் கிழித்தேன். அழுகை வந்தது. பிறகு, கிழித்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில் — பிள்ளைகளே ஒளித்தால் என்ன? உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும்தானே!

உடனே ரீச்சருக்குப் போன் எடுத்தேன். ஓமாம்! ஆனால் கம்பி வேண்டாமாம், பெட்டி பளிச்சென்ற நிறமாய் இருக்கட்டுமாம், மூடியில் வைத்தவரின் பெயர் வேண்டுமாம். வேறு எதைக் கண்டாலும் தொடாமல் வந்து சொல்வதுதான் முதல் விதியாம். எழுதிக்கொண்டேன்.

16.06.2025 திங்கள்

தலைவரிடம் கெஞ்சி இன்னொரு சனிக்கிழமை வாங்கிவிட்டேன். ஒன்றே ஒன்று.

28.06.2025 சனி

இரண்டு குழுக்கள். ஒன்று ஒளிக்க மற்றது தேடியது. பெட்டி, பிள்ளைகள் கொண்டுவந்த ஐஸ்கிறீம் டப்பாக்கள். எல்லாவற்றிலும் சிவப்பு நிறம் பூசிப் பெயர் எழுதியிருந்தார்கள். கூச்சலில் காகமெல்லாம் பறந்துவிட்டது. பார்க்க வந்த தலைவர் ஒரு பெட்டிக்காக முழங்காலில் நின்று தேடினார். பூவரச மூலையை யூலைக்கும் எங்களுக்கே எழுதித் தந்துவிட்டார்!

கடைசிப் பெட்டி எனக்கென்று ஒளித்ததாம். போனைப் பார்த்துப் பார்த்துப் போய்ச் சருகை விலக்கினேன். சிவப்பு மூடி. கை அப்படியே நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வயதில், எல்லாம் தெரிந்துகொண்டே, நான் தொடாமல் நின்றேன்.

ஜெயனி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"பேரை வாசியுங்கோ அன்ரி. அது நான் வைச்சது."

வாசித்தேன். திறந்தேன். உள்ளே பாதி உருகின ஒரு ரொபி இனிப்பு. அங்கேயே இருந்து சாப்பிட்டேன்.