காற்றில் ஒரு தூக்கம்

என் அன்புக்குரியவளுக்கு,

படகு வாங்கிவிட்டேன். நம்பு.

"முதல்ல ஒரு படகை முடிவு பண்ணுங்க, அப்புறம் வரேன்" என்று நீ உன் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து, நாம் கடல் சுற்றப்போவது வேகமான வெள்ளைப் படகிலா, கனமான பழைய படகிலா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். வேகமிருந்தால் புயலுக்கு முன் கரை சேரலாம். கனமிருந்தால் புயலையே தாங்கலாம். இரண்டும் நியாயமாகவே பட்டன.

நேற்று காற்று பலமாக அடித்தது. இரண்டிலும் போய்ப் பார்ப்போம் என்று படகுத் தரகரிடம் சொன்னேன். நானேதான்!

வெள்ளைப் படகு பறந்தது. நான் பிடித்த கம்பியை விடவே இல்லை. கனமான படகிலோ, காற்றுப்பாயைச் சுருக்கிச் சுக்கானைக் கட்டியதும், அது அலைகளுக்கு நடுவே சாதுவாக நின்றது. எப்படித்தான் இருக்கிறதென்று உள்ளே போய்ப் படுத்தேன்.

"சார், எழுந்திருங்க! இந்தக் காத்துல குறட்டை விட்ட மொத ஆளு நீங்கதான்!" என்று தரகர் உலுக்கினார்.

பேருந்தில்கூடக் கண்ணை மூடாதவன் நான். கரையேறியதும் அந்தக் கனமான படகுக்கே கையெழுத்துப் போட்டேன்.

"இது படகா, ஆமையா?" என்று சிரிப்பாய். தாராளமாகச் சிரி, பக்கத்தில் உட்கார்ந்து சிரி.

படகு மெதுவாகத்தான் போகும். நீயாவது சீக்கிரம் வா.

இப்படிக்கு,
நீ பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடும் நான்